இரண்டு புள்ளியும் நாலு நடையும்

திருகோணமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற மொழிபெயர்ப்புக் கடை. என்ர மனிசன் ஜெர்மன்காரர். விவாகப் பதிவு அலுவலுக்கு இந்தக் கடைக்கு நாலு தரம் நடந்தன்.

முதல் நல்லதைச் சொல்லுறன். அங்க இருக்கிற ஐயா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், தமிழும் இங்கிலீசும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஜெர்மன் கடதாசியைக் கண்டதும், "பிள்ளை, இது என்னால ஏலாது. பல மொழியில அடிச்ச பிறப்புப் பத்திரம் ஜெர்மனியிலயே குடுப்பாங்கள், அதை எடுப்பியுங்கோ" என்றார். காசு பார்க்கிற ஆளெண்டால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

குறை, தட்டச்சு செய்யிற தம்பி. என்ர மனிசனின்ர குடும்பப் பேரில யு (U) எழுத்துக்கு மேல இரண்டு புள்ளி. பாஸ்போர்ட்டின் அடிவரியில அதையே யு, ஈ என்று இரண்டெழுத்தாக அடிச்சிருக்கும். தம்பி புள்ளியையும் விட்டார், ஈயையும் விட்டார். பிழையை நான்தான் கண்டுபிடிச்சன். திருத்தித் தந்தார், ஆனால் அதுக்கும் புதுசாகக் காசு! டவுனுக்குள்ள திரியிற மான் ஒண்டு வாசலில நிண்டது, அதுகூட என்னைப் பாவமாகப் பார்த்தது.

விவாகப் பதிவுக்கு நோட்டீஸ் குடுத்து 12 நாள் காத்திருக்க வேணும், அதுக்குள்ள எல்லாம் சரிக்கட்டினம். அவரின்ர வதிவிட விசாவுக்கு, கொழும்புக்குப் பக்கத்தில பத்தரமுல்லையில இருக்கிற குடிவரவுத் திணைக்களத்துக்குத்தான் போகவேணும். அந்த விண்ணப்பத்தை இந்தக் கடையில நிரப்பக் குடுக்கேல்ல, நானே எழுதினன்.

ஐயா இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கோ. காலமை நல்லது.