380 யூரோ போய்விட்டது: மாதிரி ஹெலி செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெட்டி போன வாரம் வந்தது. "இத்துடன் இந்த விடயம் முடிந்தது" என்று இன்று காலை மின்னஞ்சல். 380 யூரோ வாங்கியவர்களுக்கு முடிந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை.

பெயர் போடவில்லை. ஆர்டர் எடுத்து மாதிரி விமானம், ஹெலி எல்லாம் கட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறை. கடை இணையத்தில்தான். ஜேர்மனியில் இந்தத் தொழிலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் கேட்டது கோல்ன் நகரத்து மீட்பு ஹெலி கிறிஸ்டோஃப் 3, 1:32 அளவில், அதாவது உண்மையானதில் 32-இல் ஒரு பங்கு. இங்கே ஆரஞ்சு நிறத்தில் பறக்கும் அந்த மீட்பு ஹெலிகள் அரசின் குடிமக்கள் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமானவை. ஓட்டுவது கூட்டாட்சிப் பொலிஸ் விமானிகள், உள்ளே மருத்துவர் இருப்பார். ரகம் ஈசி135. நெடுஞ்சாலை விபத்தில் கிடந்த என் மச்சானைத் தூக்கிக்கொண்டு போனது அதுதான். ஹெலிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவனைக் காப்பாற்ற ஒரு ஹெலி வந்து இறங்கியது எங்கள் குடும்பத்துக்குச் சின்ன விடயமே இல்லை. அவனுடைய 40-வது பிறந்தநாளுக்கு அந்த ஹெலியை அப்படியே கையில் கொடுக்க நினைத்தேன்.

பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் கிட் என்றால் நானே ஒட்டிவிடுவேன். இது வேறு வேலை. ஈசி135-இன் வால் மேலே தூக்கி இருப்பதால், பின்பக்க இரட்டைக் கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளலாம். அந்தக் கதவுகள் திறந்தபடி இருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் பாதி வெளியே தெரிய வேண்டும் என்றேன். அதற்கு உடலை வெட்டி, கதவின் உட்பக்கம், கீல், தரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். 380 யூரோ அந்த வேலைக்குத்தான்.

தொலைபேசியில் பேசிய மனிதர் நன்றாகவே பேசினார். வால் விசிறியைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன் அவரே சொன்னார்: "அதில் பத்து இலைகள். சம இடைவெளியில் இருக்காது. சத்தம் குறைவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாக அளந்து வைப்பேன், இல்லையென்றால் அது ஈசி135 இல்லை." ஆரஞ்சுக்கு அடியில் வெள்ளை அடித்தால்தான் நிறம் எழும்பும் என்பதையும் அவர்தான் சொன்னார். தொழில் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில் மனம் நம்பிவிட்டது. வேலை மேசையில் பாதி கட்டிய ஒரு ஹெலியின் படமும் அனுப்பினார். முழுக் காசையும் முன்கூட்டியே கேட்டார். அன்றிரவே 380 யூரோ போய்விட்டது.

வந்ததைச் சொல்கிறேன். பின்கதவுகள் மூடி ஒட்டப்பட்டிருந்தன, உள்ளே ஸ்ட்ரெச்சரே இல்லை. வால் விசிறி இருக்க வேண்டிய வட்டத்துக்குள், இலைகள் அச்சடித்த ஒரு ஸ்டிக்கர். முன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை படிந்திருக்கிறது. சூப்பர் க்ளூவால் ஒட்டி, ஆவி வெளியேற விடாமல் மூடினால் அப்படித்தான் ஆகும். மாதிரி கட்டும் பொடியன்களுக்கே தெரிந்த சங்கதி. சாம்பல் பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக அடித்த ஆரஞ்சு, துருப்பிடித்த தகரம் மாதிரி இருக்கிறது. பளபளப்புப் பூச்சு இல்லாமல் ஒட்டிய எழுத்துகளைச் சுற்றி வெள்ளி வெள்ளியாகக் காற்றுக் குமிழ்.

உடனே படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "கையால் செய்யும் பொருளில் சிறு வேறுபாடு இருக்கும்." கதவு திறக்காதது சிறு வேறுபாடா? தொலைபேசியில் பிடித்தால், பேசிய ஆள் விடுமுறையாம். எடுத்தவருக்கு ஈசி135 என்றால் என்னவென்றே தெரியவில்லை. அடுத்த மின்னஞ்சலில், கதவு திறப்பது "கூடுதல் வேலை", அதற்கு இன்னும் காசு கட்ட வேண்டுமாம். ஆர்டரில் அது எழுத்தில் இருக்கிறது என்று காட்டியதும் புதுப் பல்லவி: "வாடிக்கையாளருக்காகச் செய்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்."

இந்த ஒரு வரியை நம்பிப் பலர் விட்டுவிடுவார்கள், அதனால்தான் இந்தப் பதிவே. உங்களுக்காகத் தனியாகச் செய்த பொருளை, மனம் மாறிவிட்டது என்று 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க முடியாது, அது உண்மை. ஆனால் குறைபாடுள்ள பொருளுக்கு விற்றவர் பொறுப்பு என்ற சட்டம், கெவேர்லைஸ்டுங், அப்போதும் இருக்கிறது. முதலில் திருத்தித் தரச் சொல்லலாம், மறுத்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். முதல் ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போது பொருள் சரியாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்தான். இதை எழுதி அனுப்பிய பிறகுதான் இன்று காலை அந்த "முடிந்தது" வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. முழுக் காசையும் முன்பே கொடுக்காதீர்கள். தொலைபேசியில் சொன்னதை எல்லாம் ஆர்டரில் எழுத வையுங்கள். வேலை நடக்கும்போது உங்கள் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வந்த மேசைப் படத்தில் இருந்த ஹெலி என்னுடையது இல்லை என்று இப்போது தெரிகிறது, அதன் கதவுகள் அழகாகத் திறந்திருக்கின்றன. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

நாளை நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போகிறேன். திருத்தித் தரக் கெடு வைத்துப் பதிவுத் தபாலும் அனுப்பப் போகிறேன். 380 யூரோவும் திரும்பி வரும்வரை விடப்போவதில்லை. ஆர்டர் ஹெலி, விமானம் என்று யாருக்காவது இதே மாதிரிப் பதில்கள் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அந்த மின்னஞ்சல்களையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.