எரிநட்சத்திரம் பார்க்க: வளர்பிறை அஷ்டமியா, தேய்பிறை அஷ்டமியா?

அமாவாசை நல்லது, பௌர்ணமி ஆகாது. இதில் அலச ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் டிசம்பரில் வரும் எரிகல் பொழிவு ஜெமினிட்ஸ். 2023-ல் அதன் உச்சம் அமாவாசையை ஒட்டி வந்தது. 2024-ல் அதே ஜெமினிட்ஸ் திருக்கார்த்திகை அன்று வந்தது. கீழே அகல் விளக்கு, உச்சியில் முழுநிலா. எரிகல்லுக்கு இடமே இல்லை. நல்ல இருட்டில் ஒளி அளவு (எண் கூடக் கூட மங்கல்) 6.5 வரையுள்ள மங்கல் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரியும். பௌர்ணமியில் 4-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. எரிகற்களில் பெரும்பாலானவை மங்கலானவை என்பதால், இந்த அளவில் ஒரு படி இழந்தாலே பாதிக்கு மேல் போய்விடும்.

குழப்பம் வருவது அரைநிலாவில்தான். "பாதி நிலாதானே, பாதி வெளிச்சம்தானே" என்பார்கள். அரைநிலா தருவது முழுநிலா வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதன் பரப்பில் சூரிய ஒளி சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். ஆக இரண்டு அஷ்டமிகளும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பலன் ஒன்றல்ல.

வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவு வாக்கில் மறையும். தேய்பிறை அஷ்டமி நிலா அப்போதுதான் எழும். பூமி தன் பாதையில் முன்னேறும் முகத்துக்கு நாம் வந்து சேர்வது நள்ளிரவுக்குப் பிறகு. ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில்தானே மழை அதிகம் அடிக்கிறது? நமக்கு வேண்டிய அந்தப் பின்னிரவை ஒரு நிலா விட்டுக்கொடுக்கிறது, இன்னொன்று பிடுங்கிக்கொள்கிறது.

ஆகஸ்டில் வரும் எரிகல் பொழிவான பெர்சீட்ஸிலேயே பார்க்கலாம். 2024 ஆகஸ்ட் 12 இரவு வளர்பிறை அரைநிலா. அது மறைந்தபின் விடியும்வரை இருட்டு. 2020-ல் அதே தேதியில் தேய்பிறை அரைநிலா. கதிர்மையம் (எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தெரியும் புள்ளி) வடகிழக்கில் மேலே ஏற ஏற, நிலாவும் கூடவே ஏறியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் வளர்பிறை என்பேன். ஏகாதசி வரைகூடப் பரவாயில்லை. நிலா இரண்டரை மணி வாக்கில் போய்விடும், அதன்பின் இரண்டு மணி நேரம் மிஞ்சும். அலாரம் வைத்து எழுகிறவர்களுக்குத்தான் இது. பத்து மணிக்கே மொட்டைமாடியில் பாய் விரித்து, பன்னிரண்டுக்குச் சலித்துக் கீழே இறங்குகிறவர்களுக்கு அல்ல.

தேய்பிறைக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெமினிட்ஸ் கதிர்மையம் புனர்பூச நட்சத்திரங்களின் அருகே இருக்கிறது. நம் ஊரில் ஏழரை மணிக்கே எழுந்து, இரண்டு மணி வாக்கில் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வரும். அதனால் 2025-ல் நடந்ததுபோல் தேய்பிறை நிலா இரண்டு மணிக்கு எழுந்தாலும், அதற்குமுன் நாலைந்து மணி நேரம் நல்ல வேட்டை. பெர்சீட்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் கதிர்மையம் பத்தரைக்குமேல்தான் தலைகாட்டும், விடியும்போதும் வடக்கு வானில் பாதி உயரத்தையே எட்டும்.

நிலா இருக்கும்போதுதான் பார்த்தாக வேண்டுமென்றால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுத்து நிலாவுக்கு முதுகு காட்டுங்கள். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் அதுவும் அரைகுறைதான்; அங்கே நிலவொளி வானம் முழுக்கப் பால்போலப் பரவிவிடும்.

2026-ல் இரண்டுக்கும் நிலா வழிவிடுகிறது. பெர்சீட்ஸ் உச்சம் ஆடி அமாவாசையான ஆகஸ்ட் 12 இரவு. ஜெமினிட்ஸுக்கு டிசம்பர் 14. இளம் வளர்பிறை, பத்து பத்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். நான் டிசம்பருக்கே ஓட்டுப் போடுவேன். வடகிழக்குப் பருவமழை என்ன நினைக்கிறது என்பது நாள்காட்டியில் இல்லை.