பழைய காரில் புதிய ஆடியோ: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

பழைய காரின் ஆடியோவை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவான ஹெட் யூனிட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கண்ணெதிரே இருப்பது அதுதான் என்பதால் இது இயல்பே. ஆனால், 15 வயதைத் தாண்டிய காரில் புதிய ஹெட் யூனிட், 4 சேனல் ஆம்ப்ளிஃபயர், முன்கதவுகளுக்கு 6.5 அங்குல காம்போனென்ட் ஸ்பீக்கர்கள் (வூஃபரும் ட்வீட்டரும் தனித்தனியாக இருப்பவை) ஆகியவற்றைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு, ஒலியின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தவை கதவுகளும் வயரிங்கும்தான் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் ஹெட் யூனிட்டைப் பற்றிச் சுருக்கமாக. என் காரில் இருப்பது 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்ட சிங்கிள் டின் இடம். பெரிய தொடுதிரைக்காக டேஷ்போர்டை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ப்ளூடூத்தும் ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் அனுப்பும் ப்ரீ-அவுட் முனையும் உள்ள சிறிய யூனிட்டே போதுமானதாக இருந்தது. பெட்டியில் ‘50 வாட் x 4’ என்று அச்சிட்டிருப்பது உச்ச அளவு மட்டுமே. காரின் மின்னழுத்தத்தில் இயங்கும் அத்தகைய யூனிட், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தரக்கூடியது சேனலுக்கு ஏறத்தாழ 20 வாட்தான். ஊருக்குள் ஓட்டுவதற்கு அது தாராளம். பழைய காரில் காற்றிரைச்சலும் டயர் சத்தமும் அதிகம் என்பதால், நெடுஞ்சாலைப் பயணத்துக்காகவே ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்தேன்.

வயரிங்தான் பொறுமையைக் கேட்ட வேலை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பெனி கப்ளரை யாரோ வெட்டியெடுத்து, வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, தொட்டால் விரலில் ஒட்டியது. அவை அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதிய ஹார்னஸ் (கப்ளருடன் கூடிய வயர் தொகுப்பு) வாங்கி, ஒவ்வோர் இணைப்பையும் கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்தோம். ஹெட் யூனிட்டோடு வரும் ஹார்னஸில் பொதுவாக மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். ஆனால் காரின் பக்கமுள்ள நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும் என்பதால், மல்ட்டிமீட்டரால் பார்க்காமல் எதையும் இணைக்கக் கூடாது. இன்னொன்றும் முக்கியம்: சில பழைய கார்களில் ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் முனைகள் பாடியோடு பொதுவாக இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய ஹெட் யூனிட்டுகளில் அந்த முனை பாடியைத் தொட்டால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப் பழுதாகக்கூடும்; அப்படிப்பட்ட காரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர்கள் இழுப்பதே சரி.

ஆம்ப்ளிஃபயருக்கான பவர் கேபிளை நேராகப் பேட்டரியிலிருந்து எடுத்து, பேட்டரிக்கு 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்தோம். அந்த ஃபியூஸ் காப்பது கேபிளை. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையின் விளிம்பில் கேபிள் உரசித் தோல் கிழிந்தால், தீப்பிடிக்காமல் தடுப்பது அந்த ஃபியூஸ்தான். துளையில் ரப்பர் குரோமெட்டும் அவசியம். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்கினோம். ஹெட் யூனிட்டின் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுசெல்லும் ஆர்.சி.ஏ. கேபிள், பவர் கேபிளுக்கு எதிர்ப்பக்கமாகச் சென்றது. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மழைக்காலங்கள் கழிந்ததும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் மெல்லிய ‘ஙீ...’ சத்தம் ஸ்பீக்கர்களில் கேட்கத் தொடங்கியது. எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் கேபிள் முனையிலுள்ள லக்கின் அடியில் துரு படலமாகப் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே பெயின்ட் பூசியதும் சத்தம் முற்றிலும் நின்றுவிட்டது. இப்போது சர்வீஸின்போதெல்லாம் அந்த போல்ட்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

கதவு வேலைக்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்கலாம். டோர் பேடைக் கழற்றினால், உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய திறப்புகள் தெரியும். ஸ்பீக்கர் கோனின் பின்புற ஒலி இவற்றின் வழியாக வெளியேறி முன்புற ஒலியோடு சேரும்போது, பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அந்தத் திறப்புகளை மெல்லிய அலுமினியத் தகட்டால் மூடி, மேலே அதிர்வைக் குறைக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டினோம். வெளித்தகட்டின் உட்புறத்திலும் ஒரு பகுதிக்கு ஒட்டினோம். மழைநீர் கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், ஆகவே அடியிலுள்ள வடிகால் துளைகளை மூடவே கூடாது. அதே காரணத்துக்காக ஸ்பீக்கர் வளையத்தை எம்.டி.எஃப். பலகையில் செய்யாமல் பிளாஸ்டிக்கில் வாங்கினேன். ஈரம் பட்டால் எம்.டி.எஃப். உப்பிவிடும். பழைய ஸ்பீக்கர்களின் காகிதக் கோன்கள் ஓரம் நைந்து போயிருந்தன. பாலிப்ரொப்பிலீன் கோன்கள் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்களை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்ததும், தவில் அடி தெளிவாக விழுந்தது. கதவு அதிர்வதும் நின்றது. கதவைச் சாத்தும் ஓசையே கனமாக மாறிவிட்டது, அது எதிர்பாராத நன்மை.

காலப்போக்கில் தேய்ந்தது, ஓட்டுநர் கதவின் கீல் அருகேயுள்ள ரப்பர் குழாய்க்குள் செல்லும் ஸ்பீக்கர் வயர். கதவைத் திறந்து மூடும் மடிப்பிலேயே, வெளித்தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. மெல்லிய இழைகள் நிறைந்த நெகிழ்வான வயராக மாற்றிய பின் தொல்லையில்லை. பேட்டரியைப் பொறுத்தவரை, வண்டியைப் பூட்டிச் சிறிது நேரம் கழித்து அளந்தபோது மின்கசிவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தது. சில நாள் நிறுத்தி வைத்தாலும் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆகிறது.

பின்பக்க ஸ்பீக்கர்கள் ஹெட் யூனிட்டிலேயே ஓடுகின்றன. அவற்றை மாற்றத் தேவை தோன்றவில்லை. ஆம்ப்ளிஃபயரில் மீதமுள்ள இரண்டு சேனல்களை பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து), ஆழ்ந்த பேஸுக்கான சிறிய சப்வூஃபர் சேர்க்கலாம். ஆனால் ஏ.சி.யும் ஹெட்லைட்டும் எரியும்போது ஐடிலிங்கில் பழைய ஆல்டர்னேட்டர் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து பார்த்த பிறகே அதை வாங்குவேன்.