ஜன்னல் கண்ணாடிக்குப் புள்ளி டேப்: ஒட்டலாம், ஆனால் வெளிப்பக்கம்

பறவைகள் கண்ணாடியில் மோதாமல் தடுப்பதற்கென்று விற்கும் பொருள்களில் அதிகம் கண்ணில் படுவது கழுகு உருவ ஸ்டிக்கர். அடுத்தது, நம் கண்ணுக்குத் தெரியாமல் புற ஊதா ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கர். மூன்றாவது, சின்னச் சின்னப் புள்ளிகளை வரிசையாகக் கண்ணாடியில் பதிக்கும் டேப். இந்த மூன்றில் வாங்கத் தகுந்தது மூன்றாவதுதான். அதையும் அரைகுறையாக ஒட்டினால் கழுகு ஸ்டிக்கருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பறவை கண்ணாடியைத் தடையாகப் பார்ப்பதே இல்லை. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அறைக்குள் இருட்டு. அந்த நேரத்தில் ஜன்னல் எதிரே இருக்கும் மரத்தையும் வானத்தையும் அப்படியே காட்டும். பறவைக்கு அது இன்னொரு மரம், அவ்வளவுதான். இரண்டு கண்ணாடிகள் சேரும் மூலையிலும் பால்கனியின் கண்ணாடித் தடுப்பிலும் கதை வேறு. அங்கே அந்தப் பக்கம் இருப்பது நேராகத் தெரியும், பறவை அதை வழி என்று எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் வரும். அமெரிக்காவில் மட்டும் இப்படிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை என்று 2014-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வானுயர்ந்த கோபுரங்கள்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அதே மதிப்பீட்டில் அவற்றின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. மிச்சமெல்லாம் சாதாரண வீடுகளும் சில மாடிக் கட்டடங்களும். அதாவது, கைக்கு எட்டும் ஜன்னல்கள்.

டேப்புக்கு வருவோம். அடியில் உரித்தெடுக்கும் தாள், நடுவில் ஒட்டும் புள்ளிகள், மேலே புள்ளிகளைச் சுமந்துவரும் மெல்லிய டேப் என்று மூன்று அடுக்கு. தாளை உரித்து, கண்ணாடியில் வைத்து அழுத்தி, மேல் டேப்பை உரித்துவிட்டால் புள்ளிகள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டம் இருக்கவேண்டும்; அதற்குக் கீழே இருப்பதை வாங்காதீர்கள். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி, நெடுக்கிலும் குறுக்கிலும், 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பழைய விதி ஒரு திசையில் 10 சென்டிமீட்டர் வரை அனுமதித்தது. ஓசனிச்சிட்டு போன்ற மிகச் சிறிய பறவைகள் அந்த இடைவெளியில் நுழையப் பார்ப்பதால் இப்போது இரண்டு திசையிலும் 5 என்றே சொல்கிறார்கள்.

இங்கேதான் வாங்குபவர்கள் பின்வாங்குகிறார்கள். “ஜன்னல் பூரா புள்ளியா?” என்ற கேள்வி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 புள்ளிகள். 6 மில்லிமீட்டர் புள்ளி 400 சேர்ந்தால் 113 சதுர சென்டிமீட்டர். கண்ணாடியின் பரப்பில் இது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஜன்னல் கம்பி மறைப்பது இதைவிட அதிகம். ஆனாலும் பார்வை மட்டத்தில் ஒரு பட்டையை வெறுமையாக விட்டு மேலும் கீழும் ஒட்டுகிறவர்கள் உண்டு. பறவை அந்தப் பட்டை வழியாகத்தான் வரும். காசும் உழைப்பும் வீண்.

அடுத்த தவறு உள்பக்கம் ஒட்டுவது. ஏணி வேண்டாம், மழை படாது, சுலபம். ஆனால் பிரதிபலிப்பு உருவாவது கண்ணாடியின் வெளிமுகத்தில். உள்ளே இருக்கும் புள்ளிகளை அந்தப் பிரதிபலிப்பே மூடிவிடும். இரட்டைக் கண்ணாடி என்றால் இன்னும் மோசம். எதிரே மரம் தெரியும் ஜன்னலுக்கு வெள்ளைப் புள்ளி எடுங்கள். கறுப்பு இலை நிழலோடு கலந்துவிடும்.

ஒட்டும் வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான். சோப்புத் தண்ணீரால் தூசியைக் கழுவி, ரப்பர் வைப்பரால் வழித்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைக்கவேண்டும். வாசனை வரும் கண்ணாடி கிளீனர்கள் படலம் விடும். கடைசித் துடைப்புக்கு அவை ஆகாது. சட்டத்தின் ஓரம் வழிந்து காய்ந்த சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, பிளேடால் சுரண்டி எடுங்கள். தண்ணீர் உருண்டோடும்படி மேற்பூச்சு போட்ட கண்ணாடியென்றால் ஓர் ஓரத்தில் நாலைந்து புள்ளிகள் ஒட்டி, ஒரு வாரம் விட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஆரம்பியுங்கள்.

ஒற்றை வரிசை டேப்பாக இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 20 மீட்டர் போகும், அதற்கேற்ப வாங்கவும். சட்டத்தின் மேலும் கீழும் 5 சென்டிமீட்டருக்கு ஒரு முறை அழியும் மார்க்கரால் குறி வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக நேர்கோட்டில் இறக்குங்கள். பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் ஒவ்வொரு புள்ளியையும் தேய்த்து அழுத்தவேண்டும். பிறகு மேல் டேப்பைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக உரிக்கவேண்டும். வெளியே இழுத்தால் புள்ளியும் கூடவே வந்துவிடும். வந்தால் பதறவேண்டாம், டேப்பைத் திரும்ப வைத்து அதே இடத்தில் இன்னொரு முறை தேய்த்தால் உட்காரும். உச்சிவெயிலில் சுடும் கண்ணாடியிலும், பனி ஈரம் உலராத காலையிலும் ஒட்டக்கூடாது. இந்த டேப்பின் பெரிய குறை, உரித்தெறியும் குப்பை: ஒரு ஜன்னல் முடிவதற்குள் காலடியில் மலைபோல் சேரும். அதற்கும் ஏணி வேலைக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண் குறைத்து, 5-க்கு 4.

கழுகு ஸ்டிக்கர் அசையாது. சோளக்கொல்லை பொம்மை இரண்டு நாளில் பழகிப்போவதுபோல இதுவும் பழகிப்போகும். பறவை அதைத் தவிர்த்துப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். பத்து கழுகுகளை நெருக்கமாக ஒட்டினால் பலன் உண்டு, அப்போது வேலை செய்வது கழுகு அல்ல, இடைவெளி. புற ஊதா ஸ்டிக்கரின் கதையும் சுமார்தான். எல்லாப் பறவைக்கும் அந்த ஒளி ஒரே அளவில் தெரியாது, கழுகு, புறா இனங்களுக்குக் குறைவு. வெயிலில் சில மாதங்களில் பூச்சு மங்கும், மங்கியது நமக்குத் தெரியவும் தெரியாது.

புள்ளிகளுக்குப் பெரிய அளவில் சோதனை நடந்த இடம் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையம். 2023 அக்டோபர் 5 அன்று அங்கே ஒரே கட்டடத்தில் மோதி ஏறத்தாழ 1,000 வலசைப் பறவைகள் இறந்தன. இரவு விளக்குகளும் அதில் கூட்டுக் குற்றவாளி. 2024-ல் அதே கண்ணாடிகளுக்கு வெளிப்பக்கம் புள்ளிப் படலம் ஒட்டினார்கள். அடுத்த வலசைப் பருவத்தில் சாவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

வெளியே கொசுவலை அடித்த ஜன்னலுக்கு இதெல்லாம் தேவையில்லை. வலை பிரதிபலிப்பை உடைக்கும், மோதினாலும் தாங்கும். செலவு செய்ய மனமில்லாதவர்கள் சோப்புக் கட்டியால் வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர் கட்டம் போடலாம், மழைக்குப் பின் திரும்பப் போடவேண்டும். ஏணி எட்டாத கண்ணாடிக்குக் கயிறு நல்லது: 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறுகளை மேல் சட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். ஒன்றே கால் மீட்டர் அகல ஜன்னலுக்குப் பன்னிரண்டு கயிறு போதும். கீழ்முனையைக் கட்டவேண்டாம், காற்றில் ஆடட்டும்.