கேரவனுக்கு ஏரியல் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு பட்டறையில் கேரவனின் டிவி ஏரியலை மாற்ற 780 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். படமும் வரவில்லை, கூரையும் ஒழுகிவிட்டது. நம் ஆட்கள் யாரும் இதே மாதிரி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழைய இழுவைக் கேரவன். கூரையில் வௌவால் சிறகு விரித்த மாதிரி வைன்கார்ட் கம்பெனியின் 'சென்சார்' ரக ஏரியல் ஒன்று இருந்தது. உள்ளே கைப்பிடியைச் சுற்றினால் எழும்பும். வண்டியை நகர்த்தும் முன் இறக்கிவிட வேண்டும். தெலுக் பஹாங்கிலிருந்து கிளம்பிய அன்று நல்ல மழை, இறக்க மறந்துவிட்டேன். பத்து பெரிங்கி சாலை வளைவு ஒன்றில் மரக்கிளை மாட்டி ஏரியலின் தலை பிய்ந்து போனது. அது என் தவறு, அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பட்டறைக்காரர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எல்லாமே போச்சு. தண்டு, சுவர் பிளேட், ஒயர், முழு செட்டும் மாத்தணும்" என்றார். (சுவர் பிளேட் என்பது கேரவனின் உள்சுவரில் ஏரியல் ஒயர் வந்து சேரும் இணைப்பு.) தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. விடுமுறைக்கு பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. சரி என்று சம்மதித்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால், கூரையில் தட்டு மாதிரி ஒரு வெள்ளை ஏரியல். பெட்டியில் '4கே' என்று போட்டிருந்தது. (4கே என்பதெல்லாம் டிவியின் சமாச்சாரம். ஏரியலுக்கு அலைவரிசைதான் முக்கியம். இங்கே 2019 அக்டோபர் 31-ஓடு பழைய அனலாக் ஒளிபரப்பு நின்று, எல்லாம் யுஎச்எஃப் அலைவரிசையில் டிஜிட்டலாகிவிட்டது.) டிவியைப் போட்டுக் காட்டினார். டிவி2 கண்ணாடி மாதிரி தெளிவு. என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். கேரவனின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஒயர் செருகியிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டேன். "கரண்டுக்குண்ணே" என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பந்தாய் மெர்டேக்காவில் குனோங் ஜெராய் கண்ணெதிரே நிற்கிறது. வடக்கில் நமக்கெல்லாம் டிவி சிக்னல் தரும் முக்கியக் கோபுரம் அந்த மலைமேல்தான் இருக்கிறது. அங்கே நின்று டிகோடரில் தேடவிட்டால் ஒரு சேனல் கூட வரவில்லை. திருப்பித் திருப்பித் தேடினேன், பூஜ்யம்தான். அன்று ராத்திரி மழை பிடித்தது. ஒரு மணிக்கு மகள் எழுப்பி, தலையணை நனைகிறது என்றாள். அண்ணாந்து பார்த்தால், ஏரியலுக்கு நேர் கீழே உள்கூரைப் பலகை உப்பிக்கொண்டு, அதன் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

மறுவாரம் பிறையிலிருந்து மச்சான் வந்து பார்த்தார். அவருக்குத் தொழிற்சாலையில் மின்சார வேலை. பில்லில் 'புது பிளேட் 120 வெள்ளி' என்று இருக்கிறது. அவர் சுவர் பிளேட்டைக் கழற்றியபோதுதான் கவனித்தேன், அது என் பழைய பிளேட், மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. அந்தப் பிளேட் கெடவும் இல்லை. கிளை இழுத்ததில் ஒயர் ஷார்ட் ஆகி ஃபியூஸ் மட்டும் போயிருந்தது. ஏரியலுக்குள் இருக்கும், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு 12 வோல்ட் அந்தப் பிளேட் வழியாக, சிக்னல் வரும் அதே ஒயரில்தான் மேலே போகும். பிளேட்டில் இருக்கும் பச்சை விளக்கு எரியவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். புது ஏரியலுக்கும் கரண்ட் போகவே இல்லை.

அப்படியென்றால் பட்டறையில் படம் எப்படி வந்தது? அந்த வெள்ளை ஒயர்! கேரவன் பார்க்கில் கேபிள் இணைப்பு வாங்குவதற்காகப் பக்கவாட்டில் ஒரு துளை வைத்திருப்பார்கள். பட்டறைக் கூரையில் இருக்கும் அவருடைய சொந்த ஏரியலிலிருந்து ஒயரை இழுத்து அதில் செருகிக் காட்டியிருக்கிறார். இதை மச்சான் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கூரையில் செய்த வேலை இன்னும் மோசம். ஒயர் இணைப்பில் திருகும் கனெக்டரே போடவில்லை. செப்புக் கம்பியைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. பழைய தண்டு இருந்த ஓட்டையின் மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டு, சுற்றிலும் குளியலறைக்குப் பூசுகிற சாதாரண சிலிக்கோன். நகத்தால் இழுத்ததும் தோலாக உரிந்து வந்தது. கேரவன் கூரையில் எதைப் பொருத்தினாலும் அடியில் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) வைத்து, மேலே கூரைக்கென்றே விற்கும் சீலண்ட் போட வேண்டும்.

எல்லாவற்றையும் விட வயிற்றெரிச்சல் என்னவென்றால், உடைந்தது தலை மட்டும்தான். இந்த வகையில் தலை தனியாகவே விற்கிறது. இரண்டு பின்னைக் கழற்றி மாட்டி, ஒயரைத் திருகினால் வேலை முடிந்தது. நல்ல தண்டையும் சுற்றும் கைப்பிடியையும் பட்டறைக்காரர் வைத்துக்கொண்டார். கேட்டால், குப்பையில் போட்டுவிட்டாராம். படம் வராததைக் கேட்டதற்கு, "சிக்னல் கவர்மெண்ட் கொடுக்கிறதுண்ணே, நான் என்ன பண்ண?" என்றார். உள்கூரைப் பலகை மாற்றத் தனியாக 1,400 வெள்ளி போனது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பில், பூனை ஸ்டிக்கரோடு பிளேட்டின் படம், உரித்த சிலிக்கோனின் படம் எல்லாம் வைத்திருக்கிறேன்.

நீங்களும் எங்காவது ஏரியல் மாற்றக் கொடுத்தால், வண்டியை எடுக்கும் முன் வெளியிலிருந்து வரும் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லுங்கள். கேரவன் பேட்டரியில் மட்டும் சேனல் தேடவிட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய சாமான் ஒன்று விடாமல் கேட்டு வாங்குங்கள். அண்மையில் கூரையில் வேலை செய்யக் கொடுத்தவர்கள், அடுத்த மழைக்கு முன் ஏணி வைத்து ஏறி அந்த சிலிக்கோனை நகத்தால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.