துரை பங்களாவில் ஐரிஷ் சிப்பாய்களுக்கு ஓர் அறை: தேநீர்ச்சாலை மதிப்புரை

ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில், பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் சற்று மேலேறினால் வரும் பழைய துரை பங்களா ஒன்று இப்போது தேநீர்ச்சாலையாக நடக்கிறது. அதன் பின்பக்க அறையில், முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்து போரிட்ட அயர்லாந்துச் சிப்பாய்களைப் பற்றிய சிறு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். தேநீரை மட்டும் நம்பிப் போகிறவர்களும் ஏமாறமாட்டார்கள். ஆனால் இந்த இடத்தைத் தேடிப் போவதற்கான காரணம் அந்த அறையும், அங்கே வருவோருக்குத் தமிழில் விளக்கம் சொல்லும் பெண்மணியும்தான்; சுவரில் மாட்டியிருக்கும் பலகைகள் அல்ல.

ஊவா மலையில் அயர்லாந்துக்கு என்ன வேலை என்று எவரும் கேட்பார்கள் என்பதால், வாசலிலேயே அதற்கொரு பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தம்பதென்னத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவரானாலும் அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்கள். ‘எரின்’ என்ற அவருடைய உல்லாசப் படகு 1915 இல் சேர்பியாவுக்கு மருத்துவ உதவி கொண்டு போனது. பிறகு கடற்படையின் கைக்குப் போய், 1916 இல் மத்தியதரைக் கடலில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. இதே மலைகளிலிருந்த துரைமாரின் தொண்டர் படையிலிருந்தும் ஒரு பிரிவு 1914 ஒக்டோபரில் கப்பலேறி எகிப்துக்குப் போய், மறு ஆண்டு துருக்கியின் கலிப்பொலித் தீபகற்பத்தில் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றது. அதே தீபகற்பத்தில்தான் அயர்லாந்துப் பட்டாளங்களும் அழிந்தன. தொடர்பு மெல்லியதுதான் என்றாலும், வலிந்து ஒட்டவைத்ததாகத் தோன்றவில்லை.

விளக்கம் சொல்பவர் அதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பாடசாலைப் பிள்ளைகள் அவரை மிஸ் என்கிறார்கள், பெரியவர்கள் தங்கச்சி என்கிறார்கள். அவர் தளபதிகளிடமிருந்து தொடங்குவதில்லை. டப்ளின் நகரத்தின் ஒற்றையறைக் குடித்தனங்களிலிருந்து தொடங்குகிறார். வேலையில்லாத தொழிலாளி ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தால் அவனுக்குச் சாப்பாடும் சம்பளமும் கிடைத்ததோடு, வீட்டிலிருக்கும் மனைவிக்கும் அரசாங்கம் வாராவாரம் ஒரு தொகை கொடுத்தது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கட்டிய கதையைப் பாட்டன் வாயால் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள் மட்டுமல்ல, அரசியல் நம்பிக்கையோடு போனவர்களும் உண்டு என்பதையும் அவர் விடவில்லை. அயர்லாந்துக்குச் சுயாட்சி தரும் சட்டம் 1914 செப்டெம்பரில் நிறைவேறி, போர் முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டபோது, தேசியத் தலைவர் ஜோன் ரெட்மண்ட் தம் தொண்டர்களைப் போருக்குப் போகச் சொன்னார். வடபகுதியான அல்ஸ்டரின் புரட்டஸ்தாந்தர்கள் நேர்மாறான காரணத்துக்காக, பிரித்தானியாவை விட்டுப் பிரியாதிருக்க, அதே சீருடையை அணிந்தார்கள். அயர்லாந்தில் கட்டாய ஆட்சேர்ப்பு கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. இருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் போரில் பணியாற்றினார்கள்.

அறையின் நடுமேசையில் இருப்பது தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்த கப்பல் மாதிரி. 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியின் தென்முனையில் வேண்டுமென்றே கரைதட்டவிடப்பட்ட ‘ரிவர் கிளைட்’ என்ற நிலக்கரிக் கப்பல் அது. பக்கவாட்டில் வெட்டிய கதவுகளும், அவற்றின் வழியே இறங்குவதற்கான நடைபலகைகளும், கப்பலுக்கும் கரைக்கும் இடையில் பாலமாகக் கட்டப்பட்ட படகுகளும் நெருப்புக்குச்சி அளவில் அப்படியே இருக்கின்றன. அந்தக் கதவுகளால் வெளிப்பட்ட, அயர்லாந்தின் மன்ஸ்டர் படையினரும், துடுப்புப் படகுகளில் கரையை அணுகிய டப்ளின் படையினரும் எதிரே மேட்டிலிருந்து வந்த சூட்டில் நடைபலகையிலும் படகிலுமே விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் இரண்டு பட்டாளங்களுக்கும் போதாமல், சில நாட்களில் இரண்டையும் தற்காலிகமாக ஒன்றாக்க வேண்டியதாயிற்று. மாதிரியில் ஒரு கதவைக் கையால் திறக்கலாம். திறந்தால் ஓர் ஆள் அகலத்துக்கு மேல் வழியில்லை என்பது தெரியும். எத்தனை பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

அதே ஆண்டு ஓகஸ்டில் அதே தீபகற்பத்தின் சுவ்லா குடாவில் இறங்கிய 10 ஆவது ஐரிஷ் டிவிஷன் என்ற பெரும்படைப் பிரிவின் கதைக்கு ஒரு வரைபடமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் மட்டுமே. அங்கே தாகமே பெரும் எதிரி. கைக்குண்டு தீர்ந்த மலைமுகட்டில் கற்களை எறிந்து சண்டையிட்டார்கள் என்பதை இங்கேதான் முதன்முதலில் கேட்டேன்.

1916 ஆம் ஆண்டுக்கான சுவர் மிக வளமானது, தவறுள்ளதும் அதுவே. டப்ளினில் பிரித்தானிய ஆட்சிக்கெதிரான ஈஸ்டர் கிளர்ச்சி நடந்த அதே வாரத்தில் பிரான்சின் ஹுலூக் பகுதியில் 16 ஆவது ஐரிஷ் டிவிஷன் நச்சு வாயுத் தாக்குதலில் சிக்கியது. எதிரே இருந்த ஜேர்மானியர்கள், உங்கள் ஊரில் உங்கள் பெண்டு பிள்ளைகள் மீதே ஆங்கிலேயர் சுடுகிறார்கள் என்ற பொருளில் பலகை எழுதிக் காட்டினார்கள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது விளக்கம் சொல்பவரின் குரல் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அடுத்த பலகை, யூலை 1 அன்று சோம் களத்தில் 16 ஆவது டிவிஷனும் 36 ஆவது அல்ஸ்டர் டிவிஷனும் சேர்ந்து தாக்கியதாகச் சொல்கிறது. இந்த இரண்டில் அன்று தியெப்வாலில் ஏறியது அல்ஸ்டர் டிவிஷன் மட்டுமே. இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் என்று இரண்டு நாட்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை அது இழந்தது. 16 ஆவது டிவிஷன் சோமுக்கு வந்து கில்மோன், ஜின்ஷி ஊர்களில் போரிட்டது செப்டெம்பரில்தான். இரண்டும் அருகருகே நின்றது 1917 யூன் 7 இல், பெல்ஜியத்தின் மெசீனில். அங்கே காயப்பட்டு இறந்த ஜோன் ரெட்மண்டின் தம்பியும் தேசியவாத நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லி ரெட்மண்டைத் தூக்கி வந்தவர்கள் அல்ஸ்டர் டிவிஷனைச் சேர்ந்தவர்கள் என்ற செய்தியைப் பலகையில் காணோம். இதைத் திருத்திச் சேர்ப்பது பெரிய செலவில்லை.

இனித் தேநீர். உணவுப் பட்டியலில் ‘சிப்பாய்த் தேநீர்’ என்று ஒன்று உண்டு: கருக்கக் காய்ச்சிய டஸ்ட் தூளில் டின்பால் ஊற்றி எனாமல் கோப்பையில் தருகிறார்கள். போர்முனையில் பெற்றோல் டின்னில் சுமந்துவந்த தண்ணீரில் போட்ட தேநீரில் பெற்றோல் வாடை அடித்ததாம். நல்லவேளை, அந்த அளவுக்கு இவர்கள் போகவில்லை. என் நாக்குக்கு இனிப்பு அதிகம். வீதியிறக்கத்திலுள்ள எந்தக் கடையிலும் இதைவிட நல்ல பிளேன்டீ கிடைக்கும். ரொட்டியும் கட்டச்சம்பலும் மட்டும் அருமை. கோப்பையோடு வரும் அட்டையில், மீத் மாவட்டத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்து வீதி வேலையும் சுரங்க வேலையும் பார்த்த கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜ் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. கலிப்பொலியிலிருந்து உயிரோடு மீண்ட அவர், 1917 யூலை 31 இல் ஈப்ர நகருக்கு அருகே பாதைக்குப் பலகை பரப்பும் வேலையின் நடுவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். விற்பனை உத்தி என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு அப்படிப்படவில்லை, ஏனென்றால் அந்த வரிகளில் அலங்காரமே இல்லை.

நான் போயிருந்த நேரத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒரு பையன் கேட்டான்: “மிஸ், சண்ட முடிஞ்சு ஊருக்குப் போனவங்களுக்கு மால போட்டாங்களா?” அவர் சொன்னார்: “போகும்போது பேண்டு வாத்தியம் வச்சு அனுப்புனாங்க தம்பி. திரும்பி வரும்போது ஊரே மாறிப்போச்சு. எந்த அரசாங்கத்த எதுத்து ஊர்க்காரங்க சண்ட போட்டாங்களோ, அந்த அரசாங்கத்தோட உடுப்பத்தான் இவங்க போட்டிருந்தாங்க.” பிறகு சிலரின் கதைகளைச் சொன்னார். மெசபொத்தேமியாவில் பிரித்தானியச் சிப்பாயாக இருந்தபோது டப்ளின் கிளர்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்ட டொம் பாரி, ஊர் திரும்பிப் பின்னர் அதே பிரித்தானியப் படைக்கெதிரான கெரில்லாத் தளபதியானார். 1920 இல் பஞ்சாபின் ஜலந்தரில் கொனோட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் பட்டாளத்துச் சிப்பாய்கள், தங்கள் ஊரில் நடக்கும் அடக்குமுறையைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சோலனிலிருந்த பிரிவுக்கும் அது பரவியது; அங்கே அதற்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி சுட்டுக் கொல்லப்பட்டார். 1922 இல் அந்தப் பட்டாளத்தோடு மன்ஸ்டர், டப்ளின் பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. டப்ளினில் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுத் தோட்டத்தை 1930 களில் வேலையற்ற முன்னாள் சிப்பாய்களே கட்டினார்கள். முறைப்படி அர்ப்பணிக்க 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு வரிகூடச் சுவரில் இல்லை என்பதுதான் என் முதற் குறை. பலகைகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருக்கின்றன. அவற்றில் பாதி இடத்தைப் பதக்கம் வாங்கிய அதிகாரிகளே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்பவர் விடுப்பில் இருக்கும் நாளில் தமிழர் ஒருவர் போனால் பொம்மைக் கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இறந்தவர்கள் 49,000 பேர் என்று எழுதியிருப்பதையும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1923 இல் எட்டுத் தொகுதிகளாக வெளியான நினைவுப் பட்டியலில் ஐரிஷ் பட்டாளங்களில் இருந்த பிறநாட்டவரும் சேர்ந்தே எண்ணப்பட்டதால், வரலாற்றாய்வாளர் பலர் முப்பதாயிரத்தையொட்டிய எண்ணிக்கையையே சொல்கிறார்கள்.

அறைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏதாவது வாங்கிக் குடித்தால் போதும். பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள் விளக்கம் சொல்பவர் இருக்கிறாரா என்று முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. வேன் மேலே ஏறும். பஸ்ஸில் வருவோர் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம், ஆனால் மாலையில் திரும்பிவர ஓட்டோ கிடைப்பது சிரமம் என்பதால் வந்த ஓட்டோக்காரரையே காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்.