மதுரையில ஒரு தனியார் ஐசியூ, மாமனார் கொழம்பி போனப்ப எப்படி பாத்துக்கிட்டாங்க

மதுரையில ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியோட ஐசியூ பத்தின ரிவ்யூ இது. பேர் போடல, ஏன்னா சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு விசாரிச்சதுல பேஷன்ட்டுக்கு புத்தி கொழம்புனா பாத்துக்கிற விஷயத்துல மத்த எடமும் ஏறக்குறைய இப்படித்தான் போல.

மாமாவுக்கு நிமோனியா, ரத்தத்துல இன்ஃபெக்ஷன் ஏறி வென்டிலேட்டர் வரைக்கும் போயி, ரொம்ப நாள் உள்ள கெடந்து இப்ப வீட்ல இருக்கார். உயிரை காப்பாத்துன டாக்டர்களுக்கு கையெடுத்து கும்புடுறேன், அதுல ஒரு கொறையும் இல்ல. மருந்தெல்லாம் டயத்துக்கு, தினமும் ஒரு டாக்டர் வெளிய வந்து நின்னு வெளக்கமா சொன்னார், அத்தன நாள் படுத்து கெடந்தும் முதுகுல ஒரு புண்ணு வரல. பில்லிங் கவுன்டர், இன்சூரன்ஸ் டெஸ்க் பத்தி ஆரம்பிச்சா இந்த ரிவ்யூ முடியாது, அத விடுங்க.

நான் சொல்ல வந்தது டெலிரியம், அதாவது ஒடம்பு ரொம்ப முடியாதப்ப திடீர்னு புத்தி கொழம்பி போறது. மாமா ரிட்டயர்டு கண்டக்டர், தேனி ரூட்லயே பாதி சர்வீஸ் ஓட்டுனவர். வென்டிலேட்டர் டியூப்ப எடுத்த மறுநாள்லேந்து ஐசியூவுக்குள்ளயே டிக்கெட் போட ஆரம்பிச்சுட்டார். உசிலம்பட்டியெல்லாம் எறங்கு, ஆண்டிபட்டி முன்னாடி வா, சில்லற இல்லாம ஏறாதன்னு பக்கத்து பெட்டுக்காரரை அதட்டுறார். பகல்ல இதாச்சும் பரவால்ல, கொஞ்சம் சிரிப்பு கூட வந்துச்சு, ராத்திரியானா செவுத்துல எறும்பு ஊருதுங்கறார், நர்ஸுங்க எல்லாம் சேந்து என்னைய லாரில ஏத்தி கடத்த போறாங்க, ஏத்தா என்னைய கூட்டிட்டு போயிருன்னு என் கைய புடிச்சிட்டு அழுவுறார். யூரின் டியூப்ப இழுத்துட்டார்னு ரெண்டு கையையும் காஸ் துணியால கட்டில் கம்பியில கட்டிட்டாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, சாயங்காலம் அஞ்சு நிமிஷ விசிட்டிங்ல போனப்பதான் பாத்தோம். டியூப்ப இழுத்தா ரத்தம் வரும், ஆபத்துதான், ஒத்துக்கறேன், ஆனா கட்டிப்போட்டா அவர் இன்னும்தான் மொரண்டு புடிச்சார்.

டூட்டி டாக்டர்கிட்ட கேட்டா ஐசியூ சைக்கோசிஸ்மா (டெலிரியத்தத்தான் அப்படி சொல்றார்), வயசானவங்களுக்கு சகஜம், வார்டுக்கு போனா தானா சரியாயிரும்னார். சகஜம்ங்கறது நெசம்தான். 2013ல அமெரிக்காவுல வாண்டர்பில்ட் டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சில ஐசியூல இருந்த 821 பேர்ல 74 சதவீதம் பேருக்கு இது வந்திருக்கு. தானா சரியாயிரும்ங்கறதுதான் இடிக்குது, ஏன்னா அதே ஆராய்ச்சில அதிக நாள் கொழப்பத்துல கெடந்தவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சும் ஞாபகமும் யோசிக்கிற தெறனும் மோசமா இருந்துச்சுன்னு போட்டிருக்காங்க. அப்ப எத்தன சீக்கிரம் தெளிய வைக்கிறோம்ங்கறது முக்கியமா இல்லையா?

இத்தனைக்கும் அட்மிஷன் அன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, மாமாவோட கண்ணாடி, காது மெஷின், பல்லு செட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எங்ககிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிட்டாங்க. தொலைஞ்சா அவங்க பொறுப்பில்லையாம். மயக்கத்துல இருந்தவரை சரி, முழிச்சப்பறம் அந்த மனுசனுக்கு கண்ணும் தெரியாது காதும் கேக்காது, கண்ணு படுற எடத்துல கடியாரம் இல்ல, ஜன்னல் இல்ல, ராத்திரி பூரா லைட்டு எரியுது, மானிட்டர் கத்திக்கிட்டே இருக்கு, விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி ஸ்பஞ்ச் பாத். நல்லா இருக்கறவங்களுக்கே புத்தி பெசகும்.

மொதல்ல உருப்படியா பேசுனது நைட் ஷிப்ட் பிரதர் ஒருத்தர்தான். அக்கா, கண்ணாடியும் காது மெஷினும் கொண்டாங்க, மேடத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன்னார், சொன்னபடி சொல்லவும் செஞ்சார். மேடம்னா ஐசியூ கன்சல்டன்ட். அவங்க வந்து மாமா கைய புடிச்சிக்கிட்டு இங்கிலீஷ் எழுத்து ஒரு பத்து சொல்வேன், ஏ வரும்போது மட்டும் என் கைய அழுத்துங்கன்னாங்க. ரெண்டுக்கு மேல தப்பாச்சுன்னா கவனம் நிக்கலன்னு அர்த்தமாம். மாமா எல்லா எழுத்துக்கும் அழுத்துறார். அப்பறம் கல்லு தண்ணில மிதக்குமான்னு கேட்டாங்க, அவர் அதெல்லாம் லக்கேஜ் சார்ஜ் போடாம ஏத்த முடியாதுங்கறார். ரெண்டு நிமிஷ வேலை இது, ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் பாக்கணும்னு அவங்களே சொல்றாங்க, ஆனா சார்ட்ல அதுக்கு முன்னாடி ஒரு தடவ கூட எழுதல.

என் நாத்தனார் பேசாம தூக்க ஊசி போட்டு படுக்க வைங்க மேடம்னு கேட்டுருச்சு. வென்டிலேட்டர் டியூப் இருந்தப்ப ஓடுன மிடசோலம் மாதிரி தூக்க மருந்தே இத கெளப்பி விடும், மறுபடி அதயே குடுத்தா இன்னும் கொழம்புவாருன்னாங்க. இதுக்கு வழக்கமா போடுற ஹாலோபெரிடால்ங்கற மனநோய் மருந்தும் 2018ல வந்த பெரிய ஆராய்ச்சில வெறும் உப்புத்தண்ணி ஊசிய விட சீக்கிரமா தெளிய வைக்கலன்னு வந்திருக்காம், அதனால ரொம்ப ஆபத்தா அடிச்சு புடிச்சாதான் போடுவோம்னாங்க. சோடியம், ஆக்ஸிஜன், புதுசா இன்ஃபெக்ஷன் ஏதாச்சுமான்னு மறுபடி பாத்தாங்க, மலச்சிக்கலுக்கு மருந்து குடுத்தாங்க, தண்ணி அடிப்பாரான்னு அத்தைய தனியா கூப்புட்டு கேட்டாங்க, திடீர்னு குடி நின்னாலும் இப்படி ஆகுமாமே. தேவையில்லன்னு யூரின் டியூப்பயும் எடுத்துட்டாங்க, அப்பறம் கைய கட்ட வேண்டிய அவசியமே வரல.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. மாமா திடீர்னு அமைதியாயிட்டார், டிக்கெட்டும் இல்ல லாரியும் இல்ல, கூப்டா மெதுவா கண்ண தொறந்து மூடிக்கிறார். பகல் சிஸ்டர் இன்னிக்கு தாத்தா சமத்துன்னு சந்தோசப்பட்டாங்க. மேடம் வந்து பாத்துட்டு இதுவும் டெலிரியம்தான், இந்த ஊமை வகைதான் அதிகமா கண்ணுல படாம போயிரும்னாங்க. பக்கத்து பெட்டுல ஒரு பாட்டி நாள் பூரா மோட்டுவளைய பாத்துட்டே கெடந்தாங்க, தொந்தரவே இல்லாத பேஷன்ட்டுன்னு எல்லாருக்கும் அவங்கள புடிக்கும். அவங்க கைய புடிச்சு யாராச்சும் ஏ சொல்லி பாத்தாங்களான்னு தெரியல.

மேடம் எழுதி குடுத்தப்பறம் பகல்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூட உக்கார விட்டாங்க. கண்ணாடி மாட்டி விட்டு, இன்னிக்கு என்ன கெழம, எந்த ஆஸ்பத்திரி, எதுக்கு வந்தோம்னு பொறுமையா சொல்லிக்கிட்டே இருந்தோம். பிசியோ தம்பி தெனமும் சேர்ல உக்கார வச்சார். அத்தை பாண்டி கோயில் திருநீறு வாங்கியாந்து பூசுனாங்க, பிரதர் தடுக்கல, எனக்கும் அதுல ஆட்சேபணை இல்ல, தெரிஞ்ச கையி நெத்தில படுறது நல்லதுதானே. படிப்படியா தெளிஞ்சார், ஒருநாள் காலைல எம்புட்டு பில்லு ஆச்சுன்னு கேட்டார் பாருங்க, எங்க வீட்டுக்காரருக்கு அப்பதான் உசுரே வந்துச்சு.

ஆக வைத்தியத்துக்கு அஞ்சு ஸ்டார், அந்த பிரதருக்கும் மேடத்துக்கும் தனியா அஞ்சு, விசிட்டிங் ரூல்ஸுக்கு ஒண்ணு, கையெழுத்து கூட வாங்காம கட்டிப்போட்டதுக்கு ஒண்ணுமே இல்ல. கேன்டீன் பொங்கல் நல்லாருக்கும். ஐசியூல யாரையாச்சும் சேக்குறவங்க மொத நாளே கண்ணாடி, காது மெஷின் பேச்ச எடுத்துருங்க, கவர்ல போட்டு வாங்கிட்டு வந்துராதீங்க, டெலிரியம் டெஸ்ட் பாத்தீங்களான்னு அதே வார்த்தைல கேளுங்க. இன்னொன்னு, எங்க டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கத்துல நிமோனியாலேந்து பொட்டாசியம் வரைக்கும் இருக்கு, இந்த கொழப்பம் பத்தி ஒரு வரி இல்ல. ஒருதடவ வந்தவங்களுக்கு அடுத்த ஆபரேஷன் அட்மிஷன்ல திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி, மயக்க டாக்டருக்கு கண்டிப்பா தெரியணும். மாமாவுக்கு அடுத்து கண்புரை ஆபரேஷன் இருக்கு, அதுக்கு முன்னாடி சம்மரிய திருத்தி குடுங்கன்னு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல எழுதி குடுத்திருக்கேன், இன்னும் வரல.